முப்பது நாளும் ஒரு தில்லி முகவரியும்

(தருமபுரியில் ஓட்டுநர்களும் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசை காலியாக இருந்தும் மாணவர்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

‘சாலைப் போக்குவரத்து விதிகளில் சிறு திருத்தங்களும் பொதுமக்கள் கருத்தும்’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், வெளியே மணக்கிற போண்டாவுக்கும் அதில் பங்கு இருக்கலாம். இருக்கட்டும். அந்தப் போண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

வரும்போது பார்த்தேன். நிற்பதில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். அவற்றில் எக்ஸ்எல் வண்டிக்குக் குறைவில்லை. பக்கத்து மாவட்டத்து ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் கம்பெனி வண்டி. 99.7 சிசி எஞ்சின், டிரம் பிரேக், பின்னால் ஒரு கேரியர். காலையில் இரண்டு பால் கேன், மதியம் ஒரு கட்டு சோளத்தட்டு, பாலக்கோட்டில் தக்காளி விளைந்துவிட்டால் இரண்டு கிரேட். வேளைக்கொரு வேலை பார்க்கும் வண்டி அது.

2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில், எஞ்சின் சிறிதா பெரிதா என்று பார்க்காமல், ஏபிஎஸ் இருக்க வேண்டும். வண்டி விற்கும்போதே இரண்டு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதுவரை 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் ஏபிஎஸ் கட்டாயம். சின்ன வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிடிக்கிற ஏற்பாடு போதும் என்று இருந்தது.

ஏபிஎஸ் நல்லதா என்று கேட்டால், சந்தேகமில்லாமல் நல்லது. திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுழல்வது நின்று வண்டி சறுக்குகிறது. ஏபிஎஸ் உள்ள வண்டியில், சக்கரம் நிற்கப்போவதை ஒரு சென்சார் கண்டுபிடித்து, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்க வைக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஏபிஎஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஏபிஎஸ் வேலை செய்ய, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் வேண்டும். பொதுவாக டிஸ்க் பிரேக். எக்ஸ்எல்லில் இருப்பது டிரம். ஆக, அரசிதழில் நாலு வரியாக வந்த திருத்தம், பால்காரருடைய வண்டியின் முன்சக்கரத்தையே மாற்றிக் கட்டச் சொல்கிறது. விலை ஏறும். பஞ்சர் ஒட்டும் கடையிலேயே பிரேக்கையும் சரிசெய்துகொள்ளும் வசதி போய்விடும். தில்லியில் தட்டச்சு செய்தவருக்கு அது நாலு வரி. காரிமங்கலத்தில் பால் ஊற்றுகிறவருக்கு அடுத்த வண்டி வாங்குவதா, பழையதையே இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதா என்கிற கேள்வி. பழையதை ஓட்டினால் பாதுகாப்பு கூடுமா குறையுமா? இதை அவரைத் தவிர வேறு யாரால் எழுதிக் காட்ட முடியும்?

எழுதலாம் என்று சட்டம் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் எந்த விதியைப் போடுவதானாலும் முதலில் வரைவாக வெளியிட்டாக வேண்டும். வெளியிட்டு என்ன செய்வது என்பது 1897-ஆம் ஆண்டுப் பொதுக் கூறுகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் வரும் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் அரசு பரிசீலிக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் முப்பது நாள் தருகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் வாசல் திறந்தே இருக்கிறது.

அதே 23-ஆம் பிரிவின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் மூக்குடைபட வேண்டியிருக்கும். முன்கூட்டி வெளியிட்டுச் செய்த விதி என்று அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அதுவே முடிவான சான்று. கல்யாணப் பத்திரிகை ஊர் முழுக்கப் போன பிறகு, பெண் பார்க்கும்போது என்னை ஏன் கூப்பிடவில்லை என்று மாமன் சண்டை போடுவதில் என்ன பயன்? கேட்க வேண்டியதை அந்த முப்பது நாளுக்குள் கேட்டுவிட வேண்டும்.

அந்த முப்பது நாள் நமக்கு எப்படிப் போகிறது? மத்திய அரசின் அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. ஆட்சேபணை அனுப்ப வேண்டிய முகவரி, தில்லி பாராளுமன்றத் தெருவில் உள்ள போக்குவரத்து பவன். கூடவே ஒரு மின்னஞ்சல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, 68.5 விழுக்காடு. தமிழ்ச் செய்தித்தாளைப் படிக்கவே சிரமப்படுகிறவர்கள் இருக்கும் ஊரில், அரசிதழைத் தேடிப் படித்து ஆங்கிலத்தில் பதில் எழுது என்றால், வாசல் திறந்திருந்தும் படிக்கட்டு இல்லை.

யாருக்குப் படிக்கட்டு இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 14 அன்று, கார்களில் ஆறு ஏர்பேக் வேண்டும் என்று வரைவு வந்தது. அக்டோபர் 1 முதல் அமல் என்றார்கள். கார் கம்பெனிகளிடமிருந்து விலை, உதிரிபாகத் தட்டுப்பாடு என்று பல சிக்கல்கள் முன்வைக்கப்பட்டன. ஒரு வருடம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். சரியா தவறா என்பது வேறு விவாதம். எழுதுகிற கைக்கு வலு இருந்தால் வரைவு வளையும்.

கம்பெனிகளால் மட்டும்தான் முடியும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2017 இறுதியில் டிராக்டர் விஷயத்தில் என்ன நடந்தது? விவசாய டிராக்டர் என்பது வணிக வாகனம் ஆகாது என்று மத்திய விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடும் யோசனை வரைவாக வந்தது. எடுத்தால் பெர்மிட், வரி, சுங்கச்சாவடி எல்லாம் டிராக்டரின் பின்னாலேயே வரும் என்று ஹரியானா விவசாயிகள் கொதித்தார்கள். அந்த மாநில எம்.பி. துஷ்யந்த் சௌதாலா டிராக்டரை ஓட்டிக்கொண்டே நாடாளுமன்றத்துக்குப் போனார். அமைச்சகம் பின்வாங்கியது. அன்று அந்த வரி போயிருந்தால், பாப்பிரெட்டிப்பட்டியில் கரும்பு ஏற்றுகிறவர்கள் இன்று எந்த வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று மத்திய விதிகளில் 8-ஆம் விதி சொல்லிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதிலேயே டிராக்டரை ரிவர்ஸ் எடுக்கக் கற்றவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதால் பேட்ஜ் எடுக்க முடியாமல் காலமெல்லாம் கிளீனராகவே இருந்தார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அப்படி ஒருவரையாவது அறியாதவர் இருக்க மாட்டார்கள். 2019-ல் அந்த விதியை நீக்கினார்கள். கோப்பை நகர்த்தியது எது தெரியுமா? ஹரியானாவில் மேவாத் என்றொரு பின்தங்கிய பகுதி. அங்கே ஓட்டத் தெரிந்தும் படிப்பில்லாதவர்கள் இருக்கிறார்கள், விலக்கு வேண்டும் என்று அந்த மாநில அரசு கேட்டது. ஊர் பெயர் சொல்லி, ஆட்களைக் காட்டிக் கேட்டது. அதே நியாயம் தருமபுரிக்கும் இருந்தது. மேவாத் கேட்டதால் தருமபுரிக்கும் கிடைத்தது.

அடுத்து மினி பஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் முப்பது நாளைப் பற்றி நான் சொல்ல வந்தது முழுக்க இதற்குள் இருக்கிறது.

பேருந்து போகாத கிராமங்களுக்கு மினி பஸ் என்று 1997-ல் கலைஞர் ஆட்சியில் திட்டம் வந்தது. மொத்தத் தடம் 20 கி.மீ.; அதில் ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலையில் 4 கி.மீ. மட்டும் ஓடலாம். ஊருக்குள்ளிருந்து நம்மை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி, மெயின் ரோட்டில் ஏறி 4 கி.மீ. போனதும் அதன் உரிமை முடிந்துவிடும். ஆஸ்பத்திரி ஐந்தாவது கிலோமீட்டரில் இருந்தால்? இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டுரோட்டில் நிற்கும் அம்மாவுக்கு அந்த ஒரு கிலோமீட்டர்தான் விதியே.

2024-ல் புதிய விரிவான மினி பஸ் திட்டத்தின் வரைவு வந்தது. தடத்தின் நீளம் 25 கி.மீ. வரை போகலாம், அதில் பெரும்பகுதி பேருந்து ஓடாத தடமாக இருக்க வேண்டும். ஜூனில் வரைவு, ஜூலையில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். தனியார் பஸ் முதலாளிகள் வந்தார்கள், மினி பஸ் உரிமையாளர்கள் வந்தார்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் சங்கம் இருந்தது. 2025 ஜனவரியில் அரசிதழ் அறிவிப்பு, ஜூனில் தஞ்சாவூரில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார்.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஹெல்மெட், பிரேக் போன்ற விதிகளுக்கு வரைவை அரசிதழில் போட்டு, வந்ததைப் பரிசீலித்தால் போதும்; யாரையும் நேரில் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. தடங்களைப் பற்றிய திட்டத்துக்கு அப்படி இல்லை. 99-ஆம் பிரிவின்படி, அந்தப் பகுதியில் ஓடும் வட்டார மொழிச் செய்தித்தாள் ஒன்றிலாவது அதைப் போட வேண்டும். 100-ஆம் பிரிவின்படி, யார் வேண்டுமானாலும் முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். விரும்பினால் அவர் சொல்வதை நேரிலும் கேட்க வேண்டும். முன்மொழிந்து ஒரு வருடத்துக்குள் இறுதி செய்து வெளியிடாவிட்டால் திட்டம் காலாவதி. ஆக, பஸ் விஷயத்தில் தமிழில் படிக்கும் உரிமையும் நேரில் பேசும் உரிமையும் பிரிவு எண்ணோடு நமக்கு இருக்கின்றன.

உரிமை இருந்தும் கிராமம் பேசவில்லை. காலண்டரைப் பார்த்தால் ஒரு காரணம் புரியும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவே நூறு நாளுக்கு மேல் இடைவெளி. மினி பஸ் வரைவு வந்ததும், முப்பது நாள் ஓடியதும், சென்னையில் கருத்துக் கேட்டதும் எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிட்டன. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. சென்னையில் தேதி போடும்போது கிராம சபை யாருடைய நினைவிலும் வரவில்லை, அவ்வளவுதான். வரும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

அந்த முப்பது நாளுக்குள் ஒரு கிராம சபை அமைந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? நம் ஊர்ப் பெண்கள் முதல் கேள்வியிலேயே திட்டத்தின் நடு நரம்பைப் பிடித்திருப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் மினி பஸ்ஸுக்கு அது பொருந்தாது. “மினி பஸ் வருதுன்னு டவுன் பஸ் ட்ரிப்பைக் குறைச்சிடுவீங்களா? குறைச்சா எனக்குப் போக வர காசு ஆகுமே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டிருப்பார்கள். முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் எத்தனை மனு கொடுத்தாலும், தினமும் டிக்கெட் எடுக்கும் கை எழுப்புகிற இந்தக் கேள்வி அதே கனத்தோடு அவற்றில் வராது.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகும் ஊர். ஒவ்வொரு தேர்தலுக்கும் பத்திரிகையில் அந்தப் படம் வருகிறது. பேருந்து ஓடாத தடத்துக்கு மினி பஸ் என்றால், தடமே இல்லாத ஊர் எந்த அட்டவணையில் வரும் என்று அங்கிருப்பவர் கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கும்.

தொப்பூர் கணவாய்க்கு வருகிறேன். வராமல் தருமபுரியில் சாலை பற்றிப் பேச முடியுமா? 2020 டிசம்பரில் ஒரு லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை அடித்துக்கொண்டு போய் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மீண்டும் 4 பேர். அந்தக் காணொளி எல்லோர் போனிலும் வந்தது. இப்போது உயர்மட்டச் சாலை வருகிறது. கனரக வண்டிகள் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. இருந்தும் சேலம் பக்கம் இறங்கும் லாரிகளில் சில, நியூட்ரலில் இறங்குகின்றன. கியர் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது; சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகிறது.

ஏன் நியூட்ரல்? டீசல் மிச்சம் என்பார்கள். யாருக்கு மிச்சம் என்று ஒரு படி மேலே கேட்க வேண்டும். ட்ரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குக் கட்டி, மிஞ்சினால் ஓட்டுநருக்கு, குறைந்தால் அவர் படியில் பிடித்தம் என்று ஓட்டும் வழக்கம் லாரித் தொழிலில் உண்டு. அப்படியானால் இறக்கத்தில் அவர் காலும் கையும் எதை நினைத்து வேலை செய்யும்? 30 கி.மீ. பலகை அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. இந்தச் சங்கதி ஓட்டுநருக்குத் தெரியும், கணவாயில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியும், கிரேன்காரருக்கும் 108 ஊழியருக்கும் தெரியும். கருத்துக் கேட்பு என்று ஒன்று வைத்தால் இவர்களையல்லவா முதலில் உட்கார வைக்க வேண்டும்?

கூடவே ஒன்று. எந்தச் சாலையில் எந்த வண்டி போகக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரம் 115-ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழில் போடவும் தேவையில்லை. உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். அவசரத்துக்கு அது நியாயம்தான். ஆனால் வெளிமாநிலத்திலிருந்து தமிழ் தெரியாமல் வரும் ஓட்டுநருக்கு ‘உள்ளூர் விளம்பரம்’ எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டில் எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். பிரிட்டனில் 2020-ல் சாலை விதிக் கையேட்டைத் திருத்த மூன்று மாதம் கருத்துக் கேட்டார்கள். 20,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. யார் என்ன சொன்னார்கள், அரசு எதை ஏற்றது, எதை ஏன் ஏற்கவில்லை என்று தொகுத்து வெளியிட்ட பிறகுதான் 2022 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. நம் நாட்டிலும் 2014-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. சட்டமானாலும் விதியானாலும் குறைந்தது முப்பது நாள் கருத்துக் கேட்க வேண்டும், வந்தவற்றின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது கொள்கை. சட்டம் ஆகவில்லை. மீறினால் கேட்க ஆளில்லை.

ஆகவே எழுதுங்கள் என்கிறேன். எப்படி எழுதுவது? ‘இந்தத் திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் மனுவைவிட, ‘எங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு இத்தனை கிலோமீட்டர், காலையில் ஒரே பஸ், அதை விட்டால் சரக்கு ஆட்டோதான், இத்தனை மாணவிகள் அதில் போகிறார்கள், ஆகவே வரைவின் இன்ன வரியில் இந்த எண்ணை இப்படி மாற்றுங்கள்’ என்று ஒரே ஒருவர் எழுதினால், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது பயன்படும். எந்த வரி, என்ன மாற்றம், ஏன்: இந்த மூன்றும் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் கடைசி வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அது உங்கள் வேலை. தில்லியிலிருந்து பதில் வராமல் போகலாம். வராவிட்டாலும் நகலை எம்.பி.க்குக் கொடுங்கள். மத்திய விதிகளை நாடாளுமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும். அங்கே மாற்றவும் ரத்து செய்யவும் 212-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் மனு நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை என்று வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் இரண்டு மனு கூடுதலாகச் சேரட்டும். போக்குவரத்து விதியில் எந்த வரைவு வந்தாலும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தை ஆர்டிஓ அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும் என்பது ஒன்று. பஸ் தடம் சம்பந்தமான திட்டம் முன்மொழியப்பட்டால் அந்த முப்பது நாளுக்குள் ஒரு சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

அந்தக் கிராம சபைத் தீர்மானத்தின் கடைசி வரியில், ‘எங்களை நேரில் கேட்க வேண்டும்’ என்று மறக்காமல் எழுதிவிடுங்கள். 100-ஆம் பிரிவை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். அந்த விசாரணையைச் சென்னையில்தான் நடத்த வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தருமபுரி கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் ஹாலிலும் நடத்தலாம்.